சாந்தினி அக்கா விற்க மறுத்த ஆரம்

தைப்பூசத்துக்கு மறுநாள், சாலையில் சிதறிய தேங்காய்களை இன்னும் பெருக்கிக்கொண்டிருந்த காலையில், சாந்தினி அக்கா தங்க நகைக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தார். சண்டை ஒன்றுமில்லை. விலையைக் கேட்டுவிட்டு "அப்புறம் வரேன்" என்று திரும்பும் பெண்களைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மார்க்கெட் ஸ்திரீட்டில், காசு மாற்றும் இப்ராஹிம் அண்ணன் கடையை ஒட்டி, ஓர் ஆள் அகலத்தில் கவரிங் கடை போட்டார்.

"தங்கம் வித்த கை தகரம் விக்குது பாரு," என்றார் இப்ராஹிம் அண்ணன்.

"தகரமில்லண்ணே, செம்பு. மேல தங்க முலாம். பொய் சொல்லி என் யாவாரத்தைக் கெடுக்காதீங்க."

அக்காவுக்கு அது ஒன்றுதான் பயம். சாந்தினி சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கிய பெயர் போலி நகையால் போய்விடக் கூடாது. யார் எதை எடுத்தாலும் தெருவுக்கே கேட்கும்படி, "இது கவரிங், தங்கமில்ல!" என்பார். வாங்கியவர்கள் பையை மறைத்துக்கொண்டு நடப்பார்கள்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த நான், வேலை தேடும் சாக்கில் அங்கே உட்கார்ந்திருந்தேன். கல்யாணப்பெண் சுபாஷினி வந்து, கழுத்தை நிறைக்கும் ஆரம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்த டூப் ஒரிஜினல் மாதிரியே இருக்குலா!"

அக்காவின் முகம் மாறியது. "டூப்பா? நான் யாருக்கும் டூப்பு விடலியே!"

நான் கைப்பேசியில் தேடிச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டலாத்திப் பறவையை மக்கு என்று நினைத்தார்களாம். அதன் பெயரிலிருந்து, எளிதில் ஏமாறுகிற ஆளுக்கு ஆங்கிலத்தில் டூப் என்று பெயர் வந்ததாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வது டூப்ளிகேட்டின் சுருக்கம்.

"பறவைய விடு. இங்க ஏமாறுற ஆளு யாரு?"

"யாருமில்லக்கா, தெரிஞ்சுதானே வாங்குறேன்," என்ற சுபாஷினி சிரித்தாள். "மாமியார்கிட்ட மட்டும் எங்க வீட்டுத் தங்கம்னு சொல்லப்போறேன்."

அக்கா ஆரத்தைப் பிடுங்கித் திரும்ப மாட்டினார். "மாமியார்கிட்ட சொல்லிட்டு வா, தரேன்."

"விக்கத்தானே கடை போட்டிருக்கீங்க?"

"அந்தம்மா ஊருக்கெல்லாம் தங்கம்னு காட்டி, அப்புறம் முலாம் போச்சுன்னா என் பேருதாம்மா நாறும்."

சுபாஷினி விருட்டென்று போய்விட்டாள். இப்ராஹிம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இப்படி விரட்டினா எல்லாத்தையும் நீயே போட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"நல்ல யோசனைண்ணே," என்று அக்கா அந்த ஆரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாவாரம் பார்த்தார். கேட்டவர்களிடமெல்லாம் கவரிங் என்று கூவினார். கடை மூடுவதற்குள் அதே மாதிரி ஆரங்கள் விற்றுத் தீர்ந்தன.

தீபாவளி நெருங்கும்போது அக்காவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"வணக்கம்மா. நான் சுபாஷினியோட மாமியார். நீங்க ஆரம் தரமாட்டேன்னத மருமக சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் வரோம், ஆளுக்கு ஒன்னு எடுத்து வைங்க. எங்க அக்காகிட்ட மட்டும் தங்கம்னு சொல்லிக்கிறேன், தயவுசெஞ்சு விட்டுடுங்க."