எனக்கு வந்த டெர்மினேஷன்

கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் தொழிற்சாலை அது. சங்கரன்கோவில் பக்கமிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு சென்னையை அடுத்த ஒரகடம் வந்து அதில் சேர்ந்தேன். வடக்குப்பட்டில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தோம். எல்லோரும் தெற்கத்திப் பெண்கள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும்.

வண்டிகள் விற்காமல் தேங்கிக் கிடந்த காலம். பக்கத்துக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டமாக வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். என் அறையிலேயே ஒருத்திக்கு அப்படி ஆனது. அவள் கையில் கொடுத்த தாளில் இருந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. டெர்மினேட். அவள் பெட்டி கட்டி ஊருக்குப் போன பிறகும் அந்தச் சொல் அறையிலேயே இருந்தது. யாராவது சோற்றைக் குழைய விட்டால்கூட, "ஒன்னய டெர்மினேட் பண்ணிருவோம்ட்டி" என்று சிரிப்போம். உள்ளுக்குள் பயம்தான்.

அந்த வாரம் நான் செய்த கட்டு ஒன்றில் நீல ஒயரும் பச்சை ஒயரும் இடம் மாறிவிட்டன. அதில் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஷிப்ட் முடிந்து மணி அடித்த இரைச்சலில், எங்கள் லைன் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். இந்தப் பக்கத்து மண்ணூர்க்காரர், நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"நாளையிலேர்ந்து உனக்கு டெர்மினேஷன். இந்தப் பக்கம் வராத, இன்னா?"

சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அந்தச் சிவப்புச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது; ஏன் என்று கேட்கக்கூடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அறைக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அண்ணன்தான் எடுத்தான். தறியில் நிற்கிறான் போல, பின்னால் சத்தம் கேட்டது.

"அண்ணே, என்னய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ."

அவன் தறியை நிறுத்தினான், சத்தம் அடங்கியது. "அழாத பிள்ள. பஸ் ஏறி வாரேன். காலைல ஒங்க கம்பெனி வாசலுக்கே வந்துருதேன். சேந்து ஊருக்கு வந்துரலாம்."

விடிந்ததும் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, யூனிபார்மையும் ஐடி கார்டையும் ஒரு பையில் வைத்து, ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று அதே பஸ்ஸில் போனேன். ஆபீஸ் அறை திறந்திருக்கவில்லை. அதன் வாசலோரச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஷிப்ட் தொடங்கும் நேரம். என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் யாரோ வேகமாக வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காதான்.

"மிஷின் ஆள் இல்லாம நின்னுகினு கீது, நீ இங்க இன்னா பண்ற? யூனிபார்ம் எங்க?"

பையை நீட்டினேன். "நீங்கதானக்கா டெர்மினேஷன்னு சொன்னிய..."

அவர் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்ய! அது செக்ஷன் பேரு. ஒயரோட முனையில பித்தளையில குட்டியா ஒண்ணு வெச்சி அமுக்குறாங்கல்ல, அது டெர்மினல். அமுக்குற எடம் டெர்மினேஷன். அங்க ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு லீவுல போயிட்சி. அதான் உன்ன போட்டேன்."

"அப்ப வேலைய விட்டு எடுக்கலயா?"

"உன்ன எடுத்துட்டு நான் இன்னா, தனியா உக்காந்து ஓட்டறதா? போ, மாத்திகினு வா."

நாங்கள் அந்த இடத்தை மிஷின் ரூம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. யூனிபார்ம் மாற்றும் அறையில் பட்டனை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகத்தை மூன்று நான்கு தடவை கழுவிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மிஷினில் கொஞ்சம் பழகியதும், நான் அமுக்கிய ஒயர்களை ஒரு மஞ்சள் டப்பாவில் போட்டு அக்கா எடுத்துப் போனார். டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் ஒரு சொல். எழுத்துக் கூட்டினேன்: சஸ்பெக்ட். சஸ்பெண்ட் என்பது எனக்குத் தெரிந்த சொல். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். ஆனால் இந்த முறை வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்.

"அக்கா, என்னய சஸ்பெண்ட் பண்ணிருக்காவளா?"

"அது சஸ்பெக்ட். சந்தேகம்ன்னு அர்த்தம்மா. புது ஆளு போட்டதுன்னா ஒரு தபா செக் பண்ணிட்டுதான் அனுப்புவோம். சந்தேகம் ஒயர் மேலதான், உன் மேல இல்ல" என்றவர், "இன்னிக்கு உன்னோட பெரிய ரோதனயா கீதே" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அண்ணன் நினைவு அப்போதுதான் வந்தது. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடியும்வரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மணி அடித்ததும் ஓடினேன். எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில், என் சாமான்களைக் கட்டிக்கொண்டு போக இரண்டு காலி கட்டைப்பைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து டீயும் பன்னும்தானாம். என்னை யூனிபார்மில் பார்த்ததும் எழுந்தான்.

"உடுப்ப இன்னும் திருப்பி வாங்கலயா பிள்ள?"

நடந்ததைச் சொன்னேன். முதலில் முறைத்தான். அப்புறம் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்க மொதலாளிகிட்ட லீவு கேட்டு, அந்தாளு மூஞ்சியப் பாத்து..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் சிரித்தான். அம்மாவுக்குப் போன் போட்டான்.

"எம்மா, அழாத. வேலைய விட்டுத் தூக்கல. வேற மிஷினுக்குத் தூக்கிருக்காவ."

அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாளோ, அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இருவரும் ஓட்டலுக்குப் போனோம். அவன் பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவை அள்ளி ஊற்றி, தட்டை வழித்துச் சாப்பிட்டான். நான் இன்னும் ஒரு செட் சொன்னேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.