பதினாறு கடலை உருண்டை

நாலாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு எனக்கு மண்டையில் ஏறியதற்குக் காரணம் டீச்சர் இல்லை, பொறாமை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. பௌர்ணமிக்கு அம்மா கடலை உருண்டை பிடிப்பாள். விற்றது போக மிஞ்சியது மறுநாள் காலை எனக்கும் தம்பிக்கும். எண்ணிப் பிரிக்க அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. ஆளுக்கொன்று, ஆளுக்கொன்று என்று டப்பா காலியாகும் வரை தட்டில் போட்டுக்கொண்டே வருவாள். பதினாறு மிஞ்சினால் எட்டு எட்டு. உலகம் நியாயமாக நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் சித்தி மகள் வந்தாள். சித்தியும் சித்தப்பாவும் பிரிந்துவிட்டார்கள். மூத்த பையனைச் சித்தப்பா கூட்டிக்கொண்டு போனார், கைக்குழந்தையைச் சித்தி வைத்துக்கொண்டாள். நடுவில் பிறந்த இவள் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வகுப்பிலேயே சேர்த்தார்கள். வந்த வாரமே கணக்கில் முதல். டீச்சர் போர்டில் எழுதி முடிப்பதற்குள் ஈவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று கை தூக்கிச் சொல்லிவிடுவாள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த பௌர்ணமிக்கும் பதினாறுதான் மிஞ்சியது. இப்போது மூன்று தட்டு. என் எட்டு ஐந்தாகிவிட்டது. வகுக்கும் எண் கூடினால் ஈவு குறையும் என்று டீச்சர் தொண்டை வறளச் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதோடு போகவில்லை. கடைசியாக மிஞ்சிய ஒன்றை அம்மா அவள் தட்டில் போட்டாள்.

"அவளுக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி? மீதிய யாருக்கும் தரக்கூடாதுனு டீச்சரே சொல்லியிருக்காங்க!" என்று கத்தினேன். டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை.

"ஒரு உருண்டைக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்று அம்மா முறைத்தாள்.

அதற்குள் சித்தி மகள், "எனக்கு வேணாம், பெரிம்மா" என்று அந்த ஒன்றை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். ஜெயித்தது நான்தான்.

பள்ளிக்கு நடந்து போகும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

"மூணை ரெண்டால வகுத்தா?"

"ஈவு ஒண்ணு, மீதி ஒண்ணு."

"அந்த மீதிய என்னா பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஓரமா எழுதி வெச்சிடுவாங்க."

அவள் சரி என்று தலையாட்டினாள். வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் இந்தச் சின்னக் கணக்கை என்னிடம் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில், அவளை அங்கேயே விட்டுவிட்டுப் பள்ளிவரை ஓடினேன்.