மூக்காயி வேலைக்குப் போன நாள்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்தில் சிங்களம் பேசத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தி மூக்காயி. சிறுவயதில் கீழேயுள்ள கிராமத்துச் சிங்களப் பாடசாலையில் ஐந்து வருடம் படித்தவள். அந்தப் படிப்பு அவளுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொடுத்தது. சம்பளமில்லாத வேலை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் யாருக்குச் சுகமில்லாமல் போனாலும் முதலில் அவளுடைய ஒற்றையறைக் காம்பராவுக்குத்தான் ஆள் வரும். அவள் பால்வெட்டும் கத்தியைக் கூரையில் செருகிவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு புறப்படுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது, எந்த அறைக்குத் துண்டுச் சீட்டைக் கொண்டுபோவது, எந்த மருந்தை வெளிக்கடையில் வாங்குவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வைத்தியம் இலவசம். ஆனால் வேனுக்குக் கொடுக்க வேண்டும், கூட நிற்பவருக்கு அன்றைய பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் வேலை. மாதத்தில் இத்தனை பேர் என்று இருந்தால்தான் சம்பளத்தோடு வரவுக் கொடுப்பனவும் கிடைக்கும். இரண்டு வருடமாக மூக்காயிக்கு அது கிடைக்கவேயில்லை. கணவன் இறந்த பிறகு அவள் ஒருத்தியின் சம்பளம்தான் வீட்டுக்கு.

2004ஆம் ஆண்டு, கேகாலையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஏஞ்சலின் மிஸ் வந்து நோய் உதவிச் சங்கம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். குடும்பத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை. யாருக்கும் நோய் வந்தால் வேன் செலவும் வெளிமருந்தும் சங்கம் பார்க்கும். கூடப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் தரும். ஆடி முடிவதற்குள் நாற்பது குடும்பம் சேர்ந்தால்தான் தொடங்க முடியும்.

மூக்காயி முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பதினொரு குடும்பம் சேர்ந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

காத்தமுத்து வெளிப்படையாகவே சொன்னார். அவர் லயத்து மரண உதவிச் சங்கத்தின் தலைவர். அதில் சேராத வீடு கிடையாது.

"சாவுக்குக் கட்டுறோம். அது எப்பிடியும் வரும். சீக்கு வராட்டி கட்டுன காசு யாருக்கு? மாசாமாசம் காசு குடுத்து, வா வான்னு நோய்க்குக் காயிதம் போடச் சொல்றியா புள்ள?"

தண்ணீர் பிடிக்கப் பீலியடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய மருமகள் சுகந்தினி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அதான் மூக்காயி அக்கா இருக்காங்களே, சங்கம் எதுக்கு" என்றாள். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

மூக்காயிக்கு அப்போதுதான் விளங்கியது. சங்கத்துக்கு ஆள் சேராததற்குக் காரணம் காசு மட்டுமல்ல. அவள்தான்.

மறுநாள் பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது, இனிமேல் யாரோடும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். செய்தி ஏஞ்சலின் மிஸ்ஸுக்கும் எட்டியது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பயமுறுத்திச் சேர்க்கிறது சரியில்லக்கா."

"நான் யாரையும் பயமுறுத்தல மிஸ். வேலைக்குப் போறேன்."

பத்து நாளில் அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. பால் வாளியோடு சறுக்கி விழுந்த காத்தமுத்துவின் காலில் பட்ட காயம், யாரும் கவனிக்காமல் முழங்கால்வரை வீங்கிவிட்டது. காலையில் அவர் மகன், சுகந்தினியின் புருஷன் இந்திரகுமார், மூக்காயியின் வாசலில் நின்றான். மூக்காயி போய்ப் பார்த்தாள். கால் நெருப்பாகக் கொதித்தது. ஆனால் கிழவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. தேத்தண்ணீருக்குச் சீனி போதவில்லை என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நீயே கூட்டிட்டுப் போ தம்பி. இன்னிக்கே போ, நாளைக்குன்னு வச்சிக்காத" என்றாள். எங்கே துண்டு எடுப்பது, பிறகு எங்கே போவது என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு பால் வெட்ட மலைக்குப் போனாள்.

அன்று மூன்று மரங்களில் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயப்பட்டது. கங்காணி ஏசினார்.  அந்த மனிதருக்கு ஏதாவது நடந்தால் இந்த லயத்தில் தன்னால் இருக்க முடியாது என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் இந்திரகுமார் தனியாகத் திரும்பி வந்தான். தகப்பனை வார்டில் சேர்த்துவிட்டார்கள், கால் தப்பிவிடும் என்று சொன்னார்களாம். சிங்களப் பலகையை வாசிக்கத் தெரியாமல் பத்து மணிவரை பல் வைத்தியரின் வரிசையில் நின்றானாம். வேன்காரனுக்குக் கொடுக்கக் கடைக்காரர் அப்துல் ரஸாக்கிடம் கைமாற்று வாங்கியிருந்தான். மூக்காயியின் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு கிழமைக்கு யாராவது கூட நிக்கணுமாம். நான் நின்னா என் பேர் போகும், சுகந்தினி நின்னா அவ பேர் போகும். நாளைக்கு யாருக்கா நிக்கிறது?"

 நான் நிற்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை மூக்காயி விழுங்கினாள்.

அவனும் சுகந்தினியும் மாறி மாறி ஒன்பது நாள் நின்றார்கள். அந்த ஒன்பது நாளும் லயத்தில் இதே பேச்சு. யாரும் புதிதாக எதையும் விளக்கவில்லை. அடுத்த தடவை நம் வீடாக இருந்தால் என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொண்டார்கள். பதினொன்று இருபத்தாறானது. பிறகு முப்பத்தெட்டு, நாற்பது. ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சுகந்தினி மாமனாரிடம் கேட்காமலே தன் குடும்பத்தைப் பதிந்தாள். அது நாற்பத்தொன்று.

காத்தமுத்து கம்பூன்றி வீடு வந்தார். மூக்காயியைக் கண்டதும் நின்றார்.

"என் காலைக் காட்டித்தான ஆள் சேத்த."

"ஆமாண்ணே" என்றாள் அவள். 

சங்கம் தொடங்கியது. கூடப் போவதற்கு வாசிக்கத் தெரிந்த நான்கு பேரை வைத்து முறை போட்டார்கள். காத்தமுத்து காயத்துக்கு மருந்து கட்டப் போக வேண்டிய நாளில் மூக்காயியின் முறை வந்தது. அவளோடு போக மாட்டேன் என்று கிழவர் சொல்லியனுப்பினார். அவள் அந்த நாளை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அன்றைய பேர் அவளுக்கு விழுந்தது.