எரரை அழித்தால் கோளாறு போய்விடுமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்திரபுரம் வரை

மூணாறுக்குப் பக்கத்தில் சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருக்கும் என் கொழுந்தியாளுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. இருபத்தெட்டாம் நாள் பெயர் வைக்கும் சடங்கு, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் பெரியம்மாவான என் மனைவி கவிதா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். டீசல் வண்டியில் மலையேறப் போகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நான் பொறுமையாக எழுதப் போவதில்லை.

என்னுடையது ஏழு வருடம் ஓடிய வண்டி. இரண்டு மாதமாக ஒரு தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரியும், இழுவை குறையும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பாலக்காட்டில் நான் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை கொண்டுபோனேன். இரண்டு முறையும் ஸ்கேனரைச் செருகி, வந்த எரரை அழித்துக் கொடுத்தார்கள். மறுபடி வந்தால் பிரேக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார் மேலாளர். குடும்பத்தோடு மூணாறு போகிறோம் என்று சொன்னேன். "தாராளமாப் போயிட்டு வாங்க சார். ஓட்டிப் பாத்தாச்சுங்க" என்றார்.

காலை ஐந்தரைக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழி. உடுமலையில் டிபன். சின்னார் சோதனைச் சாவடியில் பத்து நிமிடம். மறையூரைத் தாண்டும்போது எட்டு ஐம்பது. அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டரில், ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவே ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் விழுந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன், வண்டி இழுக்கவில்லை.

"ஏனுங்க, பின்னால பஸ்ஸு வருதுங்க" என்றாள் கவிதா. பின் இருக்கையில் மாமியார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பேருந்து ஒரு முழ தூரத்தில் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்து எங்கள் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "மூணாறு டவுணுக்கு முன்னாடி ஜெயசீலன்னு ஒரு ஒயரிங்காரர் இருக்காரு. எஸ்டேட் ஜீப்பெல்லாம் அங்கதான் போகும். மெல்ல உருட்டிட்டுப் போங்க" என்றார்.

இந்த முறை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தும் கோளாறு போகவில்லை, வண்டி மெல்ல நகர மட்டும் செய்தது. மீதி இருபத்தாறு கிலோமீட்டரை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தோம். பதினொரு மணிக்கு நாங்கள் தேயிலைக் காட்டுக்குள் இருந்தோம், போனில் சிக்னல் இல்லை. கவிதா கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொன்று இருபதுக்குக் கடை வாசலில் நின்றோம். சர்ச்சிலிருந்து வந்த ஜெயசீலன் சட்டையைக்கூட மாற்றவில்லை. "எந்தெந்த கம்ப்யூட்டரு யாரோட பேசலன்னு முதல்ல பாப்போம்" என்று ஸ்கேனரைச் செருகினார். எஞ்சின், ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர் எல்லாம் பிரேக் கம்ப்யூட்டரைக் காணோம் என்றே புகார் சொல்லின.

"அப்ப பிரேக் கம்ப்யூட்டர்தான் போச்சா?"

"அவசரப்படாதீக சார். வீட்டுல போன் எடுக்கலன்னா ஆள் செத்துட்டாருன்னா அர்த்தம்? லைனு அந்திருக்கலாம்ல."

கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியாக. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் இடத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தார். அறுபது ஓம். அதுதான் சரியான அளவாம். பிறகு என்னை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்தார். பேட்டரித் தட்டுக்கு அடியில் கை போனதும் நூற்றிருபதுக்குத் தாவியது. பிரேக் கம்ப்யூட்டர் இருக்கும் முனைக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

தட்டைக் கழற்றினார். ஒயரைப் பிடித்து வைக்கும் கிளிப் இல்லை. கட்டு இரும்பு விளிம்பில் உரசி, ஒரு ஒயரின் செம்பு பச்சை பூத்து, ஓரிரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. "பேட்டரி மாத்துனவங்க கிளிப்பைத் திரும்ப மாட்டல" என்றார். நான்கு மாதம் முன்பு பேட்டரி மாற்றியது அதே சர்வீஸ் சென்டர்.

"எரரை அழிச்சு விட்டிருக்காங்க. இந்த ரோட்டுல ஓடுற வண்டிக்கு அப்படிச் செய்யலாமா சார்?" என்று என்னைக் கேட்டார், நான்தான் செய்தவன் மாதிரி. புது ஒயர் முறுக்கி, பற்றவைத்து, உறையும் கிளிப்பும் போட்டு, மேட்டில் மூன்று முறை தானே ஓட்டிப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு ரூபாய். எல்லாம் முடிய மணி இரண்டே முக்கால்.

சித்திரபுரத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெயரை மாப்பிள்ளை வீட்டு அத்தை சொல்லிவிட்டார். கவிதா கை கழுவிவிட்டு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். விளக்கு எரிந்தால் எரரை அழிக்கும் முன் அதை எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால், ஒயரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். காரணம் தெரியாமல் மலையேறாதீர்கள்.

திரும்பி வந்து, சர்வீஸ் சென்டர் அந்த இரண்டு முறையும் கொடுத்த பில்களை எடுத்தேன். இரண்டிலும் 'சாலையில் ஓட்டிப் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக். இரண்டிலும் வண்டி உள்ளே வந்தபோதும் வெளியே போனபோதும் குறித்த கிலோமீட்டர் ஒரே எண். ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போய் மேலாளர் முன்னால் இரண்டையும் விரித்து வைத்தேன்.

குனிந்து பார்த்தார். "அந்த டிக் எல்லா வண்டிக்கும் போடறதுங்க சார்" என்றார்.