பக்கத்து வீட்டுப் பூவுக்கு ஒரு பிரிட்ஜ்

ஒற்றை ஆளுக்கு எத்தனை பெரிய பிரிட்ஜ் வேண்டும்? இந்த ஒரு கேள்விக்காக என் அம்மா சித்திரை வெயிலில் விராலிமலையில் என்னைக் கடை கடையாக ஏறி இறங்க வைத்தாள்.

அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். திருச்சிக்கு என்னோடு வந்துவிடு என்றால், "மாதா கோயிலும் ஒங்கப்பா கல்லறையும் இங்கிட்டு இருக்கு, நான் அங்கிட்டு வந்து என்ன செய்யப் போறேன்?" என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுப்படி வேலையை முடித்துவிட்டுத் தினமும் ராத்திரி போன் செய்வேன். கொஞ்ச நேரம் மணி அடித்து எடுக்கவில்லை என்றால் விடாமல் மறுபடி மறுபடி போடுவேன். எங்காவது விழுந்து கிடக்கிறாளோ, கேட்க ஒரு நாதி இல்லையே என்று ஓடும் புத்தி. எடுத்ததும் அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்துத் திட்டித் தீர்ப்பேன். அவளும் பதிலுக்குத் திட்டுவாள். எங்கள் பாசம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்டர் முடிந்த கையோடு வீட்டுப் பிரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "லீவு விட்டதும் வாரேன், ஒனக்குச் சின்னதா ஒண்ணு வாங்கிரலாம்" என்றேன். அந்தச் 'சின்னதா'தான் எனக்கு வினையாக வந்தது.

முதல் கடையில் அழகான ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்று இருந்தது. அரை லிட்டர் பால், நாலு தக்காளி, முந்தாநாள் குழம்பு. அம்மாவின் சொத்து அவ்வளவுதான், அதற்கு இது தாராளம். எடுத்துவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா வயர் கூடையிலிருந்து பெரிய எவர்சில்வர் சம்படம் ஒன்றை வெளியே எடுத்து, கடைக்காரரின் பிரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தாள். கதவு மூடிக்கொள்ளவில்லை.

"என்னம்மா இது?"

"பக்கத்து வீட்டு அக்காவோட பூச் சம்படம்."

எனக்கு வந்ததே கோபம்! பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் மலையேறி முருகனைக் கும்பிடுகிறவர். வியாழக்கிழமை சாயங்காலம் மல்லிகைப் பூவைக் கட்டி எங்கள் பிரிட்ஜில் வைத்துவிட்டு, விடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவார். எதிர்வீட்டுக்காரரின் இன்சுலின் ஊசியும் எங்கள் பிரிட்ஜில்தான் இருந்தது. பின்வீட்டு இட்லி மாவும் எங்களிடம்தான். தெருவே வந்து திறந்து மூடித்தான் பழையது அல்பாயுசில் போனது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு அளவு பார்க்க வந்திருக்கிறாள்.

"பிரிட்ஜு நமக்கா, தெருவுக்கா? ஊருச் சாமான் வைக்க நாமதான் கெடைச்சோமா?" என்றேன்.

"மெதுவாப் பேசுடி, கடையில எல்லாரும் பாக்குறாங்க."

சம்படத்தைப் பிரிட்ஜுக்குள் வைத்தபோது பார்க்காதவர்கள் இப்போதுதான் பார்க்கப் போகிறார்களாக்கும்!

இரண்டாவது கடையில் சம்படம் நுழைந்தது, கதவும் மூடிக்கொண்டது. அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள், "இதுவும் ஒத்தைக் கதவால்ல இருக்கு?" என்றாள். அவளுக்கு இரண்டு கதவு வேண்டுமாம். மேல் கதவுக்குள் மீன், கீழ்க் கதவுக்குள் பூ. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி ஆகாது, மீன் ஆகும். கட்டுமாவடி மீன் வண்டி வியாழக்கிழமைதான் எங்கள் தெருவுக்கு வரும். அதே சாயங்காலம்தான் முருகனுக்குப் பூவும் வரும்.

"சாமிக்குப் போற பூவுல சங்கரா மீன் வாடை அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்று விற்பனையாளரையே பஞ்சாயத்துக்கு இழுத்தாள். அந்த மனிதரும், "அம்மா சொல்றது கரெக்டுதாங்க மேடம்" என்றார். பெரியதை விற்கப் பார்க்கிறவர் வேறென்ன சொல்வார்?

மூன்றாவது கடைக்குள் நுழையும்போது எனக்குத் தலை இடிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் குடித்த காப்பியைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கோ களைப்பே தெரியவில்லை. இரண்டு கதவு வைத்த ஒன்றின் முன்னால் போய் நின்று, மேல் கதவு கைக்கு எட்டுகிறதா என்று வலது கையைத் தூக்கினாள். பாதியிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு இடது கையால் முழங்கையைத் தாங்கினாள். முந்தானை விலகியது. முழங்கை நாவல்பழ நிறத்தில் கன்றிக் கிடந்தது.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல. பாத்ரூம்ல வழுக்கிருச்சு."

"எப்ப?"

"போன வெள்ளிக்கெழம. காலையில."

"அன்னைக்கு ராத்திரி போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னியே!"

"ராத்திரி நல்லாத்தானடி இருந்தேன்."

"யாரு தூக்கிவிட்டா?"

"யாரு இருக்கா? நானே எந்திரிச்சேன்." பிரிட்ஜின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "எந்திரிக்க மத்தியானம் ஆயிருச்சு" என்றாள்.

கடையில் ஓடிய அத்தனை விசிறிக்குக் கீழேயும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. காலையிலிருந்து மத்தியானம் வரை. நான் அங்கே திருச்சியில் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பேன்.

"அந்த அக்கா எங்க போனாங்க? வெள்ளிக்கெழமதான?"

"அவ ஏன் வரப்போறா? பிரிட்ஜு ஓடலையே. பூவை இப்பத் தெருக்கோடி வீட்டுலல்ல வைக்கிறா" என்றாள் அம்மா. "ஓடியிருந்தா விடியவும் பூ எடுக்க வந்திருப்பா."

அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, சம்படத்தைக் கூடையிலிருந்து எடுக்கக் குனிந்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். அழுகையாக வந்தது, அதைவிட ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. சம்படத்தைக் கீழ்க் கதவுக்குள் நானே வைத்துச் சாத்திப் பார்த்தேன். நன்றாக மூடிக்கொண்டது. எதிர்வீட்டு இன்சுலினுக்கும் பின்வீட்டு மாவுக்கும் இன்னும் இடம் இருந்தது. அது போதுமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

"ஏங்க, இதைவிடப் பெருசு இருக்கா?" என்று விற்பனையாளரைக் கேட்டேன்.

"அடியே, ஒனக்கென்ன கிறுக்கா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் அம்மா. "ஒத்த ஆளுக்கு எதுக்குடி அம்புட்டுப் பெருசு?"