மூன்று நாள் கீரை

அழுகிய மீன்குடலின் வாடை ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து நாள் முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருக்கும். அந்த வாடையோடுதான் எங்கள் பள்ளிக்கூடத்துத் தோட்டம் தொடங்கியது. தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் கடற்கரை ஊரில் மண் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எங்கும் மணல்தான். ஊற்றிய தண்ணீர் கண்முன்னே மறைந்துபோகும் அந்த மணலைத் தோண்டி, கரையில் கழித்துப்போட்ட குடலையும் செதிலையும் புதைத்து, மேலே செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் பரப்பி நான்கு பாத்திகள் கட்டினோம். எழுபதுகளின் நடுவில், மழை இரண்டு வருடமாகப் பொய்த்துப் போயிருந்த காலம் அது. நான் ஐந்தாம் வகுப்பு.

தோட்டம் போடச் சொன்னது எங்கள் டெய்சி டீச்சர். நாசரேத்திலிருந்து வேலைக்கு வந்து, பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாகத் தங்கியிருந்தவர். அதற்கு முந்தின மாதம் ஊருக்கு வந்த நர்சம்மா ஒருவர் எங்கள் இமைகளை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்து, சில பிள்ளைகளின் வெள்ளைவிழியில் நுரைபோல் ஒட்டியிருந்த திட்டைக் காட்டி, "இதுகளுக்கு மாலைக்கண்ணு. பொழுது சாய்ஞ்சா தெரியாது. கீரை குடுங்க டீச்சர், இல்லன்னா கண்ணே போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கீரைக்கு எங்கே போவது? ஊரில் இருந்த இரண்டு முருங்கைகளும் மொட்டையாகிப் பட்டுப்போயிருந்தன. நல்ல மீனெல்லாம் ஐஸ் லாரியில் ஏறிவிடும். எங்களுக்குக் கஞ்சியும் கருவாடும், அதுவும் இல்லாத நாளில் கப்பைக்கிழங்கும்.

நர்சம்மா சொன்னதைக் கேட்டபோது எனக்கு என் தங்கை ஜெயராணியின் நினைவுதான் வந்தது. அவளுக்கு நான்கு வயது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பாள், கஞ்சிக் கும்பாவைக் காலால் தட்டிவிடுவாள். அப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வராத காலம். இருக்கிற ஒரு வேளைக் கஞ்சியும் தரையில் ஓடுவதைப் பார்த்த ஆத்திரத்தில் அம்மா அவளை அடிப்பாள். அன்று நான் போய் மாலைக்கண் என்று சொன்னதும், அம்மா தங்கையைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணைப் பார்த்தாள். பிறகு, அடித்த அந்த முதுகை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

பாத்திக்குத் தண்ணீர்தான் பெரும்பாடு. பள்ளிக்கூடத்துக் கிணறு உப்புச் சவர். நல்ல தண்ணீருக்கு ஊருக்கு மேற்கே, செம்மணல் மேடான தேரிக்குப் போய், மணலைத் தோண்டி "ஊத்து" எடுத்து, சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிரம்ப அரைமணி நேரம் ஆகும். பிள்ளைகள் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொன்ன மறுநாளே பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள்.

"குடிக்கத் தண்ணியில்லாம நாங்க நாக்கு வறண்டு கெடக்கோம். நீங்க கீரைக்கு ஊத்தச் சொல்லுதியளே டீச்சர், இது நல்லாயிருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

டீச்சர் தன் அறைக்குள் போய், தான் குளிப்பதற்கு வைத்திருந்த ஒரு குடத்தை எடுத்துவந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்தியில் சிறுகச் சிறுக ஊற்றினார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஆனால் மறுநாள் என் அம்மா எனக்கு ஒரு செம்புக்குப் பதில் இரண்டு செம்பு கொடுத்துவிட்டாள்.

சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஒரு மாதத்தில் கைக்கு வந்தன. மதியம் கோதுமைச் சோற்றில் கீரையைப் போட்டு வேகவைத்தார்கள். எடுத்த முதல் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் சோறு. பள்ளிக்கூடம் போகும் வயது வராத ஜெயராணிக்குக் கிடையாது. கீரையை மட்டும் பொறுக்கி இடது கைக்குள் பொத்திப் பாவாடை மடிப்பில் மறைத்தேன். பச்சைச் சாறு வடிந்து துணியை நனைத்ததைப் பார்த்த டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு டீச்சர். அவளுக்கும் தெரிய மாட்டேங்கு."

அவர் பாத்திக்குப் போய் ஒரு பிடி கீரையைக் கிள்ளி என் கையில் வைத்தார். "உன் பங்க நீ சாப்பிடுறத நிறுத்தாதே. அவளுக்கு இது தனி" என்றார்.

ஒளித்துக் கொண்டுபோகத் தெரியாத வயது எனக்கு. அன்றும் மறுநாளும் ஊர் நடுவே கீரையோடு நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. "எம்பிள்ளைக்கும் கண்ணு தெரியல டீச்சர்" என்று ஒவ்வொருத்தியும் மெதுவாகச் சொன்னாள். டீச்சர் கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு படலைத் திறந்துவிட்டார்.

"பிடுங்காதீங்க, கிள்ளுங்க. கிள்ளுனா மறுபடி தழைக்கும்" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கீரையே வளர்த்தறியாதவர்கள் வேரோடு பிடுங்கினார்கள். மணி அடிப்பதற்குள் நான்கு பாத்தியும் வெறும் மணலாகிவிட்டது. பெண்களோடு பெண்ணாக என் அம்மாவும் அன்று மடி நிறையக் கொண்டுவந்தாள். அதுவே கடைசிக் கீரை.

டீச்சர் மறுபடி விதை போட்டார். முளைத்ததெல்லாம் ஓரம் கருகிச் செத்தது. தேரி ஊத்திலும் அதற்குள் உப்பு ஏறியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் மணல்வாரி அம்மை வந்தது. ஜெயராணிக்கு ஒரு வாரம் கண் திறக்கவில்லை. திறந்தபோது இடது கண்ணின் கருமணி, குழம்பில் வெந்த மீனின் கண்ணைப்போல் வெளுத்திருந்தது. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓடினேன். பஸ் பிடித்துத் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டார்கள், எண்ணெய்போல் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். வலது கண் பிழைத்தது. இடது கண்ணுக்கு நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

"பிள்ளைக்குக் கீரை காய் ஒண்ணும் குடுக்கலையாம்மா?" என்று அவர் கோபமாகக் கேட்டார்.

"குடுத்தோம் சார்," என்றாள் அம்மா. "மூணு நாள் குடுத்தோம்."

நாங்கள் ஊர் திரும்பியதும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கையை மடியில் வைத்துக்கொண்டு, "மொதல்லயே இந்தச் சின்னப் பிள்ளைகளுக்குக் கீரை குடுத்திருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சே" என்று அழுதார். அம்மா அவரைத் தேற்றவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போனார். நான் அந்தக் கீரையோடு தெருவில் நடந்திருக்கக் கூடாது என்று பல வருடங்கள் நினைத்திருக்கிறேன். நடக்காமல் இருந்திருந்தால் வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண் போயிருக்கும் என்றும் நினைத்ததுண்டு.

போன மாதம் நானும் ஜெயராணியும் ஊருக்குப் போயிருந்தோம். பள்ளிக்கூடம் இடிந்து, தோட்டம் இருந்த இடம் வரைக்கும் கடல் வந்துவிட்டது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் கிடக்கின்றன. அந்தக் காலத்து ஊத்துகள் எங்கே இருந்தன என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. சுகாதார நிலையத்தில் ஓர் இளம் நர்ஸ் கைக்குழந்தைகளின் வாயில் வைட்டமின் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். இப்போது மாலைக்கண் வருகிறதா என்று அவளிடம் கேட்டேன்.

"புஸ்தகத்துல படிச்சதுதான்க்கா. நான் ஒருத்தரைக்கூடப் பாத்ததில்ல" என்றாள்.

ஜெயராணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பெண்ணின் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்பப் பாத்துக்கோ" என்றாள்.