மோட்டார் கொட்டகைச் சாவி

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை மட்டும் எழுது என்றார்கள். என் குற்றத்தைச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வில்லியனூர்ப் பக்கம் பிறந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மா. அப்பா சீக்கிரமே போய்விட, ஒரு காணி நெல் வயலை வைத்து என்னை ஆளாக்கினார். நாங்கள், பெரியப்பா, சித்தப்பா என்று பங்காளிகள் மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு போர்வெல். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். மோட்டார் கொட்டகைச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அம்மா மேல் அவ்வளவு நம்பிக்கை.

எனக்குப் பதினோரு வயது. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். மதியம் எங்கள் முறை முடிந்ததும் மடையைப் பெரியப்பா வயலுக்குத் திருப்பிவிட்டு வரச் சொன்னார். எங்கள் நாற்றங்கால் பாதிதான் நனைந்திருந்தது. கரண்ட் போகும்வரை எங்களுக்கே பாயவிட்டேன். திருப்பிவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை நடவு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், பெரியப்பா வயல் காய்ந்து கிடக்கிறது. அவர் கடைமடையில் வயல் வைத்திருந்த சித்தப்பா மேல் பாய்ந்தார். சித்தப்பா முன்பு ஒருமுறை தண்ணீர் திருடி மாட்டியவர். தான் எடுக்கவில்லை என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? பெரியப்பா மண்வெட்டியை ஓங்கிவிட்டார். காய்ச்சலோடு ஓடிவந்த அம்மா குறுக்கே நின்றார். ததும்பிக் கிடந்த எங்கள் நாற்றங்காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அம்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு, சாவியைச் சித்தப்பா கையில் கொடுத்தார்.

"வாயத் தொறந்தா நஷ்டம்னு தெரிஞ்சும் இவ பேசுற வரைக்கும் இது உங்க வூட்லயே இருக்கட்டும் தம்பி."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் சித்தப்பா வாசலில் நின்று சாவி கேட்டவள் நான். மானம் போகும். எனக்குக் கல்யாணமாகி, இதே ஊரில் பிள்ளை பெற்ற பிறகும் அம்மா சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில், இனி நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவிடம் மூச்சுவிடாதே என்று உறவினர்கள் தடுத்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். அழுதுகொண்டே முழுவதையும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போய் சாவிய வாங்கிக்க."

அந்த நாட்களில் மாறி மாறித் துணையிருந்த பெரியப்பா குடும்பத்தாருக்கும், காரியம் முடிந்து வாசலில் வந்து நின்ற என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்த சித்தப்பாவுக்கும் என் நன்றி. சாவி இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. உங்கள் முறை வரும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.